சுவர் யாருடையது? பாப்புன்யாவும் வெள்ளரிக்கொம்பையும்

பழங்குடிப் பிள்ளைகளைப் பொதுச் சுவரில் வரையவைக்கும் முயற்சிகளில் வண்ணமும் கருப்பொருளும்தான் முதலில் பேசப்படுகின்றன. வரைய யாருக்கு உரிமை, சுவர் யாருடையது என்ற கேள்விகள் பின்தங்கிவிடுகின்றன. ஓவியத்தின் ஆயுளோ அவற்றின் கையில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாப்புன்யாவையும் நீலகிரியின் வெள்ளரிக்கொம்பையையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகும்.

பாப்புன்யாவில் தொடக்கம் பள்ளிக்கூடம். 1971இல் ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன், பிள்ளைகள் மணலில் கதை சொல்லியபடி விரலால் வரைந்த உருக்களைக் கண்டு, அவற்றைச் சுவரில் தீட்டச் சொன்னார். ஆனால் குலக்கதைகளை வரையும் உரிமை பெரியவர்களுடையது. அவர்களே வந்து தேனெறும்புக் கதையைப் பள்ளிச் சுவரில் தீட்டினார்கள். முதலில் எறும்புகள் வெள்ளையர் பாணியில் அமைந்தன. இது உங்கள் எறும்புதானா என்று பார்டன் கேட்டதும், அந்தப் பெரியவர்களில் ஒருவரான காப்பா ஜம்பிஜின்பா அவற்றை அழித்துத் தம் மரபுக்குறியை வரைந்தார்.

வெள்ளரிக்கொம்பையில் பாதை வேறு. அங்கு வாழும் ஆலு குறும்பர் பழங்குடியினரின் ஓவியம் கோயில், வீட்டுச் சுவர்களில் சடங்கோடு வாழ்ந்தது. அதற்கு முன்னோடி பாறை ஓவியங்கள் என்று சொல்லப்படுகிறது. அவ்வூர் ஓவியர் ஆர். கிருஷ்ணன் அதைத் தம் பாட்டனிடம் கற்றார். வேங்கைப் பிசினும் மண்ணும் இலைச்சாறும் வண்ணங்கள். பாறைத்தேன் எடுப்பது அவர் விரும்பி வரைந்த காட்சி. பின்னர் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையத்தின் ஊக்கத்தால் இக்கலை காகிதத்துக்கு வந்தது.

பாப்புன்யாவில் சுவரோவியம் பிள்ளைகளிடம் தொடங்கிப் பெரியவர்களிடம் சென்றது. வெள்ளரிக்கொம்பையில் பாட்டனிடமிருந்து பேரனுக்கு இறங்கியது. இரண்டிலும் எதை, எப்படி வரைவது என்று அறிந்தவர்கள் மூத்தவர்களே. இரண்டும் சந்தையையும் எட்டின. பாப்புன்யா ஓவியர்கள் 1972இல் சொந்த நிறுவனமே தொடங்கினார்கள். ஆனால் விலைபோன ஓவியம் ஊரை விட்டுப் போய்விடும். ஊரில் நிற்பது சுவர்தான். பாப்புன்யாச் சுவர் அரசுப் பள்ளியுடையது. 1974இல் பராமரிப்பு வேலையில் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். குறும்பர் வீட்டுச் சுவர் வரைந்தவருடையது. மங்கினால் அவரே மீண்டும் வரையலாம்.

பழனி மலையின் கீழ்மலைப் பளியர் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நகரத்து ஓவியர் தூரிகை பிடிக்கக் கற்றுத்தரட்டும். எதை வரைவது என்பதைத் தேனெடுக்கும் பெரியவர் சொல்லட்டும். பள்ளிச் சுவராயின், ஊரைக் கேட்காமல் அதில் வெள்ளையடிப்பதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே வண்ண டப்பாவைத் திறக்க வேண்டும்.