ஆர்ச்சி ஷெப்: இரைச்சல் என்று சொல்லப்பட்டது

ஆர்ச்சி ஷெப்பின் சாக்ஸபோனை முதலில் கேட்டபோது உடனிருந்த நண்பர், 'என்னப்பா இது, ஒரே இரைச்சலா இருக்கு' என்றார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. எது இசை, எது இரைச்சல் என்று பிரிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று கேட்டால் அவருடைய வரலாற்றை வேறுவிதமாக வாசிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

1937இல் ஃப்ளோரிடாவில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர் ஷெப். கல்லூரியில் படித்தது நாடகம். 1960இல் செசில் டெய்லரோடு வாசித்தார். 1964இல் ஜான் கோல்ட்ரேனின் ஆக்கங்களை மறுவாசிப்புச் செய்து 'இம்பல்ஸ்' நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். 1965 பிப்ரவரி 21இல் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே ஷெப்பின் அஞ்சலி பதிவாயிற்று. 'ஃபயர் மியூசிக்' இசைத்தட்டில் அது இருக்கிறது. அதில் தம் கவிதையைத் தாமே சொல்கிறார். நாடகக்காரர் என்பது அங்கே தெரிகிறது. 'ஜாஸ்' என்பது வெளியிலிருந்து சூட்டப்பட்ட பெயர் என்று அதையே அவர் ஏற்க மறுத்தார்.

1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பர்கள். காவலர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டது, தங்களை மனிதர்களாக நடத்த வேண்டும் என்பதைத்தான். 13ஆம் தேதி அரசு துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தது. அந்தத் தாக்குதலில் 29 கைதிகளும் 10 பிணையாளிகளும் செத்தார்கள். பிணையாளிகளின் கழுத்தைக் கைதிகள் அறுத்துவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். பத்திரிகைகளும் அப்படியே போட்டன. பிணப்பரிசோதனையில் பத்துப் பேரும் துப்பாக்கிக் குண்டுகளால் செத்தது தெரிந்தது. குண்டுகள் அரசுடையவை.

நான்கு மாதம் கழித்து ஷெப் 'அட்டிகா ப்ளூஸ்' பதிவு செய்தார். கூச்சலை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பெரிய குழு, தந்தி வாத்தியங்கள், தேவாலயப் பாட்டின் சாயல், ஆடவைக்கும் தாளம். கடைசிப் பாட்டைப் பாடுவது ஏழு வயதுச் சிறுமி. சுருதி சேரவில்லை. அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். அரசின் பொய் அந்த வாரம் சுருதி சுத்தமாகத்தான் ஒலித்தது என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இசைத்தட்டை விற்றதும் ஒரு பெருநிறுவனம்தானே என்று கேட்கலாம். ஆமாம். இம்பல்ஸ், ஏபிசி நிறுவனத்தின் கிளை. எதிர்ப்புக்கும் சந்தைக்கும் வெளியே சுத்தமான இடம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை, நமக்கும்தான்.

1977இல் பியானோக்காரர் ஹொரேஸ் பார்லனோடு அடிமைக்காலப் பக்திப் பாடல்களை அமைதியாக வாசித்தார். 'அடங்கிட்டார்' என்று சொல்வது சுலபம். அட்டிகாவில் குரல் கொடுத்தவர்களின் பாட்டன்மார் பாடிய பாட்டு அது. அதைப் பின்வாங்கல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.