கேட்டுப் பெறும் ஞானஸ்நானம்

ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பிள்ளைகள் பதினாறு வயதில் கட்டவிழ்ந்து சுற்றுவதைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற எனக்கு, பிள்ளை வளர்ந்து தானாக ஞானஸ்நானம் கேட்கும்வரை அவர்களின் பெற்றோர் காத்திருப்பதுதான் பெரிதாகப் படுகிறது. வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெறுவதற்காக உயிரே போயிருக்கிறது. விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுப்பது செல்லாது என்று 1525 ஜனவரியில் சூரிச்சில் சிலர் வளர்ந்தபின் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அவர்கள் வழிவந்த யாக்கோப் அம்மான் 1693 வாக்கில் தனியே பிரிந்தபோதும், அவர் வழியினரான ஆமிஷ்கள் பென்சில்வேனியாவில் குடியேறியபோதும் இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை.

இன்றும் பிள்ளை தானாக வந்து கேட்க வேண்டும். 1632-இன் டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளையும் போதிக்கிறார்கள். வாக்குக் கொடுத்து மீறுவதைவிடக் கொடுக்காமலிருப்பதே மேல் என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள். பிறகு, மண்டியிட்டவரின் தலைமேல் பிஷப் கைகளைக் குவிக்க, டீக்கன் தண்ணீர் ஊற்றுகிறார். அது விரலிடுக்கில் வழிந்து முகத்தில் இறங்குகிறது.

பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேராமலே போன மகனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சேர்ந்தபின் விலகியவனுக்குப் பல சபைகளில் தனி மேசைதான். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் சேர்ந்துவிடுகிறார்கள். சேராதவர்களுக்குச் சபையில் கல்யாணம் கிடையாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.