கொல்லிமலை அடிவாரத்துச் சிற்பி

கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்கள், அதை ஆண்ட வல்வில் ஓரியின் கொடையோடு நில்லாமல், காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் உருக்கெடாத, தெய்வம் சமைத்த ஒரு பாவையையும் அம்மலையில் நிறுத்திவைத்தார்கள். கொல்லிப்பாவையைக் கண்டதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆயினும் அம்மலையின் அடிவாரச் சீமையான நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி.எம். சீனிவாசனை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பாவை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறாள்.

நாமக்கல்லில் ஊர் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையை ஒருபுறம் நரசிம்மருக்கும் மறுபுறம் அனந்தசயனருக்கும் அதியர் குலத்தரசர் காலத்தில் குடைந்திருக்கிறார்கள். இரணியனின் மார்பு பிளக்கப்படுவதைக் கல்லில் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கத் தோன்றாதிருந்தால் அதுவே ஆச்சரியம். கவிஞராகுமுன் சித்திரக்காரராகவே ஜீவனம் நடத்திய நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை, இந்த இளைஞனைச் சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேரும்படி தூண்டினார். அங்கே முதல்வராயிருந்தவர், தாமே பெரிய சிற்பியான தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

பின்னர் ஆனந்த விகடனில் சேர்ந்த சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயரிட்டவர், அங்கே கோட்டோவியத்தில் கொடிகட்டிப் பறந்த மாலி. உளியே பிடிக்காதவருக்கு இப்பெயரா என்று கேட்பவர்கள் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவேண்டும். எழுத்தாளர் தேவன் விளக்கம் எழுத, சில்பி கோயில் கோயிலாகச் சென்று, சிலையின் எதிரிலேயே அமர்ந்து வரைந்த தொடர் அது. அக்காலத்து மலிவுக் காகிதத்தில் புகைப்படத்தை ஆஃப்டோன் பிளாக்கில் அச்சிட்டால் புள்ளிகள் அப்பிக்கொண்டு, கருங்கல் சிலை வெறும் கரியாகிவிடும். துத்தநாகத் தகட்டில் அரித்தெடுக்கும் லைன் பிளாக்கிலோ கறுப்பும் வெள்ளையும் தவிர மூன்றாவது நிறம் கிடையாது. அந்த வறுமையையே அவர் சொத்தாக்கிக்கொண்டார். வெளிச்சம் விழும் கன்னத்தில் பேனா படவே படாது, காகிதத்தின் வெண்மையே கன்னமாகும்; அக்குளின் நிழலில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி இருளும்; மாலையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியே உருண்டு நிற்கும்.

வாரந்தோறும் கெடு வைத்து வேலை வாங்கும் பத்திரிகைத் தொழிலில், ஒரு தூணுக்காக நாள் கணக்கில் வெளியூரில் உட்கார்ந்திருக்க ஒரு சித்திரக்காரருக்கு இடங்கொடுத்த நிர்வாகத்தையும் மெச்சத்தான் வேண்டும். 1967இல் விகடனை விட்டபின் வேறு பத்திரிகைகளுக்கு வரைந்த சில்பி 1983இல் காலமானார்.

அத்தொடரைக் கத்தரித்துத் தைத்துவைத்த வீடுகளில் இன்று காகிதம் பழுத்து, தொட்டால் ஓரம் உதிர்கிறது. மசி மட்டும் கறுப்பு மாறவில்லை.