போட்டிவிரிடே

தாவரங்களைத் தாக்கும் ஆர்.என்.ஏ. வைரஸ் குடும்பங்களில் போட்டிவிரிடே மிகப் பெரியது. உருளைக்கிழங்கு ஒய் வைரஸின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி இதற்குப் பெயரிட்டார்கள். பப்பாளி வளையப்புள்ளி நோயும், மேற்குத் தொடர்ச்சி மலை ஏலத் தோட்டங்களின் ‘கட்டே’ நோயும் இக்குடும்பத்தின் வேலையே. கட்டே கண்ட ஏலச் செடியில் இளம் இலையின் நடுநரம்பிலிருந்து விளிம்பு வரை வெளிர்பச்சைக் கோடுகள் ஓடும்.

துகள் வளைந்து கொடுக்கும் நூல் போன்றது. பெரும்பாலான இனங்களில் நீளம் 680 முதல் 900 நானோமீட்டர். தடிமன் 11 முதல் 13. ஏறத்தாழ 10,000 எழுத்துகள் கொண்ட ஓரிழை ஆர்.என்.ஏ.வை உறைப்புரதம் திருகுசுருளாகப் போர்த்தியிருக்கும். பார்லியைத் தாக்கும் பைமோவைரஸ் பேரினத்தில் மட்டும் மரபுப்பொருள் இரண்டு துண்டாக இருக்கிறது.

செல்லுக்குள் புகுந்ததும் ரைபோசோம்கள் இந்த ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்து, 3,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நெடும்புரதத்தை உருவாக்குகின்றன. அதை வெட்டும் மூன்று நொதிகளும் அதற்குள்ளேயே அடங்கியுள்ளன. வெட்டி முடிந்ததும் பத்துப் புரதங்கள் கிடைக்கும். சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் ஒரே அளவில் உற்பத்தியாகிவிடும். மிஞ்சும் உருளைவடிவ உட்பொருள் புரதம் செல்லுக்குள் தேங்கி, குறுக்குவெட்டில் ஓலைக் காற்றாடி போலத் தெரியும். மின்னணு நுண்ணோக்கியில் இக்காற்றாடியைக் கண்டாலே குடும்பம் இன்னதென்று சொல்லிவிடலாம். பதினொன்றாவது புரதம் ஒன்று வேறொரு வாசிப்புச் சட்டத்தில் ஒளிந்திருந்தது 2008இல்தான் தெரியவந்தது. அடுத்த செல்லுக்கு வைரஸ் கடந்து செல்ல அது வேண்டும்.

பெரும்பாலானவற்றைப் பரப்புவது அசுவினி. நோயுற்ற இலையைச் சில நொடிகள் குத்திச் சுவைத்தாலே போதும், வைரஸ் அதன் ஊசிவாயில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைக்கும் பாலம் எச்.சி.-புரோ என்னும் உதவிப் புரதம். செடி தன் தற்காப்பாக நடத்தும் ஆர்.என்.ஏ. அடக்கத்தை முறியடிப்பதும் இதுவே. மருந்து தெளித்து அசுவினி சாவதற்குள் அது பக்கத்துச் செடியைக் குத்தி முடித்திருக்கும். பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பும் பப்பாளி விவசாயி பணத்தை இழப்பதற்கு இதுவே காரணம்.

ஹவாயில் வேறு வழியைத் தேடினார்கள். 1992இல் பூனா வட்டாரத்துத் தோட்டங்களுக்குள் நோய் புகுந்தது. வைரஸின் உறைப்புரத மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ‘ரெயின்போ’ பப்பாளி 1998இல் விவசாயிகள் கைக்கு வந்தது. மிளகாயின் சில வகைகளுக்கோ இயற்கையிலேயே எதிர்ப்பு உண்டு: வைரஸ் பற்றிக்கொள்ள வேண்டிய செல் புரதம் ஒன்று அவற்றில் சற்று மாறியிருக்கிறது.