இருபத்தெட்டு நாள் கணக்கு

தாராபுரத்தில் நான் வங்கி மேலாளராக இருந்த கடைசி வருடங்களில், ஜூன் பிறந்தால் என் மேசைக்கு முன்னால் 'லண்டன்காரர்கள்' வந்து உட்காருவார்கள். பையன் போவது லெஸ்டராகவோ கவென்ட்ரியாகவோ இருக்கும்; தகப்பனாருக்கு எல்லாமே லண்டன்தான். கேட்பது, கணக்கில் பணம் இருக்கிறது என்று ஒரு சான்று.

இந்தக் காகிதம் வருவதற்கு முன்பு அந்த இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். 1909-ல் பிரிட்டிஷ் அரசின் இந்தியா ஆபீஸ் நம் மாணவர்களுக்காக லண்டனில் ஒரு தகவல் அலுவலகம் திறந்தது; மாகாணங்களில் ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. பேருக்கு வழிகாட்டல். அதே வருடம் ஜூலையில் மதன்லால் திங்ரா லண்டனில் இந்தியா ஆபீஸ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்ட பிறகு, பையன் எப்படிப்பட்டவன் என்று விசாரிப்பதுதான் பெரிய வேலையாகியிருக்கும் என்பது என் ஊகம்.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனை அழைத்துப் பேசியதும் அப்படியொரு குழுதான். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி இந்தியா ஆபீசுக்கு எழுத, 1913-ல் சென்னைக் குழுவின் செயலாளர் ஆர்தர் டேவிஸ் அவரைக் கூப்பிட்டு, இங்கிலாந்து போகச் சம்மதமா என்று கேட்டார். கடல் தாண்ட மாட்டேன் என்றார். மறுவருடம் ஹார்டியின் சகா நெவில் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் மனம் மாறியிருந்தது. பணம்? துறைமுகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கியது மாதம் 30 ரூபாய். சென்னைப் பல்கலைக்கழகம் ஒதுக்கியது ஆண்டுக்கு 250 பவுண்ட், இரண்டு ஆண்டுக்கு. பவுண்ட் 15 ரூபாய் விற்ற காலம். ஓராண்டுத் தொகையே 3,750 ரூபாய், பத்து வருடக் குமாஸ்தா சம்பளத்துக்கு மேல். அன்றைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று நெவில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னர் மாளிகை வரை எழுதினார். 1914 மார்ச் 17-ல் ராமானுஜன் கப்பல் ஏறிவிட்டார். அந்த மார்க் பட்டியலோடு கல்விக்கடன் கேட்டு என் கிளைக்கு வந்திருந்தால், நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சிபாரிசே தேவைப்படாதவர்களும் கொங்குப் பக்கம் உண்டு. குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். மகன் மோகன் கேம்பிரிட்ஜ். மகள் பார்வதியும் ஆக்ஸ்போர்டு.

2009-ல் பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் புள்ளி முறை வந்தது. யார் எவ்வளவு நல்லவிதமாக எழுதிக் கொடுத்தாலும், பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் குறையாமல் நின்றாக வேண்டும். 2021 ஜூலையில், படித்து முடித்து இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க வழி திறந்ததும் என் மேசையில் கூட்டம் கூடிவிட்டது.

அடுத்த வருடம் மகனுக்காக வந்த ஒருவர் பவர்டேபிள் தையல் யூனிட் வைத்திருந்தார். அப்போது லண்டனுக்கு வெளியே மாதம் 1,023 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவைக் காட்ட வேண்டியிருந்தது. கட்டாத ஃபீஸ் தனி. தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றுக் கணக்கில் போட்டார். மூன்றாவது சனிக்கிழமை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டார். விசா கிடைக்கவில்லை.

"சனிக்கெழம சம்பளம் போட்டாகோணும்ங்க சார். திங்கக்கெழமயே திருப்பிக் கட்டிட்டனுங்களே!"

திங்கட்கிழமை கட்டியது ஸ்டேட்மென்டிலும் இருந்தது. ஆனால் அங்கே அதைப் படிக்கிறவருக்கு இவர் வாக்குத் தவறாதவர் என்று எடுத்துச் சொல்ல ஸ்பிரிங் மாதிரி யாரும் இல்லை. ஜனவரி சேர்க்கைக்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். இந்த முறை பணம் மகன் பெயரில் போய் உட்கார்ந்தது. அந்த 28 நாளும் வாரச் சம்பளத்துக்கு, எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல், திருப்பூர் நூல் வியாபாரி ஒருவரிடம் கைமாத்து வாங்கிக் கொடுத்தார்.