தாரும் ஒளியும்

சொரியாசிஸ் என்னும் தோல்நோயின் சிகிச்சை வரலாற்றில் 1925ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதாகும். ஐக்கிய அமெரிக்காவின் மேயோ சிகிச்சை நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் கோக்கர்மன், நிலக்கரித் தாரையும் கழியூதாக் கதிரையும் இணைத்துக் கையாளும் முறையை அவ்வாண்டில் வெளியிட்டார். இரண்டும் தனித்தனியே முன்னரே வழக்கிலிருந்தவை. இணைத்தமையே அவரது சாதனை. நோயாளியின் உடலிற் பூசப்பட்ட தார் துடைத்தகற்றப்பட்டு, இரச ஆவி விளக்கின் ஒளி நாள்தோறும் பாய்ச்சப்பட்டது. தாரின் நெடியையும் கறைபடிந்த ஆடைகளையும் வாரக்கணக்கிற் சகித்து விடுதியிற் கிடந்தோரின் பொறுமை மருத்துவ நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. பூசித் துடைத்த தாதியரின் உழைப்பும் அவ்வாறே.

1953இல் லீட்ஸ் நகரின் இங்கிரம், தார்க் குளிப்பு, கழியூதா ஒளி, டித்திரனோல் பசை ஆகிய மூன்றையும் ஒரே ஒழுங்கிற் கொணர்ந்தார்.

தார் தோலை ஒளிக்கு எளிதில் வயப்படச் செய்வதாலேயே பயன் விளைகிறதெனக் கோக்கர்மன் கருதினார். ஆயின், தோல் சிவக்குமளவுக்குக் கதிரைச் செலுத்தின் வெறும் மென்களிம்பே தாருக்கு நிகராகும் என 1980களின் ஆய்வுகள் காட்டின. ஒளி குறைந்தவிடத்தே தாரின் துணை புலப்பட்டது. விளக்கம் தளர்ந்தும் சிகிச்சை கைவிடப்படவில்லை. நோயாளிகள் குணமடைந்தனர் என்பதே காரணம்.

1974இல் சோறலின் மருந்தை உட்கொண்டு நீள்அலைக் கழியூதாக் கதிரைப் பெறும் முறை அறிமுகமாயிற்று. நெடியுமில்லை, கறையுமில்லை. எனினும் அம்முறைக்குட்பட்டோரிடையே தோற்புற்று மிகுந்தமை 1979இலேயே பதிவாகியது.