எல்லை நாட்டின் யாத்திரை வருஷம்

தொண்டை மண்டலத்துக்கும் சோழ மண்டலத்துக்கும் இடையே அமைந்த நடுநாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதனைப் படைகளின் சரித்திரமாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. செஞ்சிக் கோட்டை ஒன்றையே எடுத்துக்கொண்டாலும், 1677-இல் சிவாஜியும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றியதை நினைக்கும்போது, இந்தப் பிரதேசத்துக்கு ஓய்வென்பதே இருந்ததில்லையோ என்று தோன்றும். ஆயினும் ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் ஒவ்வொருவராய் அகன்ற பின்பும், பாட்டையும் பிரார்த்தனையையும் ஏந்தி வந்தவர்களின் வழிகள் இன்றளவும் தேயாமல் இருக்கின்றன. அவ்வழிகளின் இயல்பை அறிவதற்குத் திருவாமாத்தூரைக் காட்டிலும் தகுந்த இடம் அரிது.

விழுப்புரத்துக்கு வடமேற்கே, பம்பையாற்றங்கரையில், அபிராமேசுவரர் கிழக்கு நோக்கியும் முத்தாம்பிகை மேற்கு நோக்கியும் எதிரெதிரே தனித்தனி ஆலயங்களில் எழுந்தருளியிருக்கும் இந்த க்ஷேத்திரத்தை அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். இவர்களுள் அப்பரும் சுந்தரரும் திருவாமூரிலும் திருநாவலூரிலும் பிறந்து, இந்நாட்டு மண்ணிலேயே வளர்ந்தவர்கள். மூவருடைய பதிகங்களையும் இவ்வாலயத்தில் நாள்தோறும் பாடுவதற்குப் பார்வையற்ற பதினாறு பேரையும், அவர்களுக்குக் கண்காட்டுவதற்கு இருவரையும் நியமித்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. தொலைவிலிருந்து நடந்து வந்த யாத்திரிகன் இங்கே தரிசனத்தோடு தேவார இசையையும் பெற்றான். ஊரோ, பிழைப்புக்கு வழியற்றிருக்கக்கூடிய பதினெண்மருக்குக் கௌரவமான ஜீவனத்தை அளித்தது. பிற்காலத்தில், ஒருவர் முடவரும் மற்றவர் குருடருமாக ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராய்த் திரிந்த இரட்டைப் புலவர்கள் இங்கு வந்து கலம்பகம் பாடினர். அதில் கோயில் ஆற்றின் எக்கரையில் உள்ளதென்பதை அவர்கள் மாற்றிச் சொல்லிவிட, அன்றிரவே வெள்ளம் பெருகி ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு அவர்கள் வாக்கை மெய்யாக்கிற்று என்பது கர்ணபரம்பரைச் செய்தி.

வழிபாட்டுக்கு மட்டுமன்றி வழக்குத் தீர்க்கவும் ஜனங்கள் இவ்வூருக்கு வந்தார்கள். இத்தலத்து வட்டப்பாறையின் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்ற நம்பிக்கை உறுதியாக இருந்தமையால், பங்காளித் தகராறும் கடன் தகராறும் இங்கே வந்து முடிவடைந்தன. திருநெல்வேலியில் 1839-இல் பிறந்து, முருகன் திருப்பதிகள் தோறும் சென்று வண்ணப் பாக்களைப் பாடிக் குவித்து, தம் ஜீவிய சரிதத்தையும் ‘குருபரதத்துவம்’ என்ற செய்யுள் நூலாக்கிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், தம்முடைய நெடும் பிரயாணங்களுக்கெல்லாம் முடிவிடமாகத் தேர்ந்தது இவ்வூரையே. அவர் இங்கே கௌமார மடத்தை நிறுவி, 1898-இல் சமாதியடைந்தார்.

இவ்வாறு ஒரு தலத்துக்கு வந்தவர்கள் அடுத்த தலத்துக்கு எப்போது சென்றார்கள் என்று ஆராய்ந்தால், இப்பிரதேசத்தின் யாத்திரைக்கு வருஷம் முழுவதும் பரந்த ஓர் ஒழுங்கு இருப்பது புலனாகும். சம்பா அறுவடையாகி வீட்டில் புதுநெல் நிறைந்திருக்கும் தை மாதம் ஐந்தாம் நாள், பிடாகம் முதலிய இடங்களில் தென்பெண்ணை மணலுக்குச் சுற்றுக் கிராமங்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, சுருளிக்கிழங்கு வாங்காமல் எவரும் ஆற்றுத் திருவிழாவிலிருந்து வீடு திரும்புவதில்லை. மாசியில் மேல்மலையனூரில் மயானக்கொள்ளை. மயிலத்து முருகன் புதுவை வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குச் செல்லும் மாசி மகமும் அம்மாதத்திலேயே. பங்குனி உத்திரத்துக்கு மயிலமும் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகமும் அழைக்கின்றன. வயல் வெறுமையாய்க் கிடக்கும் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுவதும் தெருக்கூத்தும் நடந்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று நிறைவெய்தும். ஐப்பசியின் அடைமழையில் வழிகள் சற்று ஓய்ந்து, கார்த்திகையில் அண்ணாமலைத் தீபத்தை நோக்கி மீண்டும் நிறைகின்றன. மேல்மலையனூரின் ஊஞ்சல் உற்சவமோ அமாவாசை தவறாமல் மாதந்தோறும் நடக்கிறது.

இந்த ஒழுங்கை எந்த அரசனும் ஆணையிட்டு ஏற்படுத்தவில்லை. உழவனுக்கு எப்போது கை ஓய்கிறதோ, ஆற்றில் எப்போது நீர் குறைந்து மணல் வெளிப்படுகிறதோ, எப்போது இரவு முழுவதும் வெட்டவெளியில் அமர்ந்திருக்க இயலுகிறதோ, அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற விழா அமைந்தது. ஆகையால்தான் 1879-இல் விழுப்புரத்துக்கும் பிரெஞ்சுப் புதுவைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோதும், 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றபோதும், 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானபோதும், வாகனமும் எல்லையும் மாறினவேயன்றி யாத்திரையின் வருஷக் கிரமம் மாறவில்லை.

இத்தகைய யாத்திரை வழி சுற்றுலாவையும் வளர்க்கக்கூடும் என்பதற்கு அயல்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. ஸ்வீடன் தேசத்துச் சுண்ட்ஸ்வாலிலிருந்து நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் வரை, 1030-இல் போரில் மாண்ட ஓலாவ் மன்னனின் நினைவாக எல்லை கடந்து செல்லும் சுமார் 580 கிலோமீட்டர் யாத்திரைப் பாதையை அந்நாட்டார் இக்காலத்தில் அடையாளமிட்டுப் புதுப்பித்து, வழியிலுள்ள சிற்றூர்களுக்கு உலகத்து விருந்தினரை வரவழைத்திருக்கிறார்கள். நமக்கோ பாதையும் இருக்கிறது, அதில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். செஞ்சி மலையையும், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலையும் ஒரு பகலில் பார்த்துவிட்டுத் திரும்பும் பிரயாணியைத் திருவாமாத்தூருக்கும், அங்கிருந்து ஒரு கூத்து மேடைக்கும், மற்றொரு மாதத்தில் ஆற்று மணலுக்கும் அழைத்துச் செல்வதே இங்கு சுற்றுலாவை வளர்க்கும் நேரிய வழியாகும். அதற்குப் புதிய விழாக்களை உண்டாக்க வேண்டியதில்லை. பம்பையையும் பெண்ணையையும் மணல் வாரிச் சிதைக்காமல் காப்பதும், கூத்துக் கலைஞனுக்கு உரிய ஊதியம் அளிப்பதும், கல்வெட்டுக்களின்மீது சுண்ணாம்பு பூசாமல் இருப்பதுமே முதற் கடமைகள். ஆறும் உழவும் கூத்தும் அழிந்துபோகுமாயின், எத்தனை விடுதிகளைக் கட்டினாலும் இந்த எல்லை நாட்டுக்கு வருவதற்கு எவருக்கும் காரணம் இராது.